கறவை ரோபோவின் துல்லியத்தைக் காம்புக் கணக்கில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான, ஐரோப்பியப் பண்ணைகளில் ரோபோக்கள் பால் கறப்பதைப் பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். கறவைக்கு ஆள் கிடைக்காத நிலையையும், விடியற்காலைக் கறவையிலிருந்து குடும்பங்களுக்குக் கிடைத்த விடுதலையையும் பற்றி அதில் எழுதப்பட்டிருந்தவை உண்மை. ஆனால் ரோபோவின் கை மனிதக் கையைக் காட்டிலும் துல்லியமானது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கட்டுரை அடுத்த செய்திக்குப் போய்விட்டது. பசுவுக்கு வெண்கலச் சிலை எழுப்பி அதற்கு 'எங்கள் தாய்' என்று பெயரிட்டிருக்கும் நெதர்லாந்தின் லேவார்டன் நகரைச் சுற்றிய ஃபிரீஸ்லாந்து மாகாணப் பண்ணைகளில் ஒன்பது ஆண்டுகள் கறவை ரோபோக்களைப் பராமரிக்கும் வேலை பார்த்தவன் நான். அந்த ஒரு வரிக்குள் மறைந்துபோன விவரங்களை எழுதுவது என் கடமை என்று தோன்றுவதால் இக்கடிதம்.

நெதர்லாந்தில் வணிகப் பண்ணையொன்றில் முதல் கறவை ரோபோ நிறுவப்பட்டது 1992-இல். கருவிகள் அன்றிலிருந்து எவ்வளவோ மாறியிருந்தாலும் வேலை முறை பெரிதாக மாறவில்லை. பசு தானாகவே கறவைக் கூண்டுக்குள் நுழைகிறது. கழுத்துப் பட்டையில் உள்ள அடையாளக் கருவியைக் கொண்டு அது எந்தப் பசு, கடைசியாகக் கறந்து எத்தனை மணி நேரமாயிற்று என்று ரோபோ பார்க்கிறது. கறக்கும் நேரம் வந்திருந்தால் அடர்தீவனத்தைத் தொட்டியில் கொட்டுகிறது, வரவில்லையென்றால் வெறுமனே கதவைத் திறந்து வெளியே அனுப்பிவிடுகிறது. பசு தின்னத் தொடங்கியதும் கை மடிக்கு அடியில் சென்று காம்புகளைக் கழுவி, லேசர் கற்றையாலோ ஆழத்தை அளக்கும் முப்பரிமாணக் கேமராவாலோ ஒவ்வொரு காம்பின் இடத்தையும் கண்டு, நான்கு கோப்பைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்துகிறது. பால் வற்றிய காம்பிலிருந்து அதன் கோப்பை மட்டும் கழன்றுகொள்ளும். மற்றவை தொடர்ந்து கறக்கும். பசுவின் பாலில் ஏறத்தாழ அறுபது சதவீதம் பின்மடியில் இருப்பதால், நான்கு கோப்பைகளையும் ஒரே நேரத்தில் கழற்றும் சாதாரணக் கறவை இயந்திரத்தில் முன்காம்புகள் பால் வற்றிய பிறகும் உறிஞ்சப்பட்டு நோவுக்கு ஆளாகின்றன. இந்த ஒரு விஷயத்தில் ரோபோ உறுதியாகவே மேலானது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கட்டுரையாளர் கவனிக்கத் தவறியது வேறு. ரோபோ ஒவ்வொரு முறையும் மடியைப் புதிதாகத் தேடிக் கண்டுபிடிப்பதில்லை. சென்ற முறை அதே பசுவின் காம்புகள் எங்கே இருந்தன என்ற குறிப்பை நினைவிலிருந்து எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் போய்த்தான் தேடத் தொடங்குகிறது. மடியோ ஒரே நிலையில் நிற்கும் பொருள் அன்று. ஈன்ற முதல் வாரத்தில் நீர்கோத்து வீங்கித் தாழ்ந்திருக்கும். சில வாரங்களில் வற்றி மேலேறும். ஈற்றுக்கு ஈற்று தசைநார்கள் தளர்ந்து மீண்டும் இறங்கும். அவ்வளவு ஏன், ஒரே நாளுக்குள்ளேயே மடி நிறைந்திருக்கும்போது காம்புகள் விலகி நிற்கும், பாதி காலியாக இருக்கும்போது ஒன்றையொன்று நெருங்கிவிடும். இவற்றோடு காம்பில் காய்ந்த சாணம், மடியில் வளர்ந்த உரோமம், குளிர்காலத்தில் கேமராக் கண்ணாடியில் படியும் நீராவி, பலகணி வழியே சாய்ந்து விழும் வெயில், ஈத்தொல்லை தாளாமல் கால் மாற்றிக்கொண்டே இருக்கும் பசு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், கோப்பை சரியாகப் பொருந்துவதுதான் வியப்பு, தவறுவது வியப்பன்று என்பது விளங்கும். தலையீற்றுக் கிடேரிகளை முதல் சில நாட்கள் ஆள் பக்கத்திலிருந்து, கையைத் தானே நகர்த்திக் காம்பின் இடத்தைக் காட்டித்தான் பழக்க வேண்டியிருக்கிறது.

இப்போது துல்லியம் என்ற கணக்குக்கு வருகிறேன். ஒரு ரோபோ சுமார் அறுபது பசுக்களைக் கறக்கும். ஒவ்வொன்றும் நாளொன்றுக்குச் சராசரியாக இரண்டரை முறை வருகிறது என்று கொண்டால் 150 கறவைகள், அதாவது 600 காம்புப் பொருத்தங்கள். அந்த ரோபோ நூற்றுக்கு 98 முறை சரியாகப் பொருத்துகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு இனிமையான எண்தான். நாளொன்றுக்குப் பன்னிரண்டு தவறுகள் மிஞ்சுகின்றன. அவை அறுபது பசுக்களுக்கும் பரவலாக விழுந்தால் எந்தத் தீங்கும் இல்லை. இம்முறை விடுபட்ட காம்பு அடுத்த முறை கறக்கப்பட்டுவிடும். ஆனால் அப்படிப் பரவலாக விழுவதை என் ஒன்பது ஆண்டுகளில் ஒரு பண்ணையிலும் நான் பார்த்ததில்லை. பின்காம்புகள் ஒட்டினாற்போல் அமைந்த மூன்று பசுக்கள் மந்தையில் இருந்தால் தவறுகள் அந்த மூன்றின் மேல்தான் போய்க் குவியும். மூன்று பசுக்களுக்கு நாளொன்றுக்கு ஏழு அல்லது எட்டுக் கறவைகள். பின்காம்புப் பொருத்தங்கள் ஏறக்குறைய பதினைந்து. அவற்றில் பன்னிரண்டு தவறுகின்றன என்றால், மந்தைக்கு 98 சதவீதத் துல்லியம் காட்டும் அதே ரோபோ அந்த மூன்று பசுக்களின் பின்காம்புகளில் இருபது சதவீதத் துல்லியத்தோடுதான் வேலை செய்கிறது. பலகையில் ஒளிரும் சராசரி எண் இதைக் காட்டிக்கொடுப்பதே இல்லை.

நம் பெரியவர்கள் 'ஒட்டக் கற' என்று சொன்னதற்குக் காரணம் பேராசை அன்று. மடியில் பால் தங்கினால் அடுத்த சுரப்பு குறையும், நிறைந்த காம்பிலிருந்து பால் கசிந்து, மூடியிருக்க வேண்டிய காம்புத் துளை திறந்துகிடக்கும், பசு படுக்கும் இடத்தின் கிருமிகள் அவ்வழியே ஏறும், மடிநோய் வரும். ஒரு காம்பு நாள்தோறும் விடுபடும் பசுவுக்கு இந்த வரிசை ஏறத்தாழத் தவறாமல் நடந்தேறுவதைக் கண்டிருக்கிறேன்.

ஒரு நிகழ்வைச் சொன்னால் விளங்கும். ஒரு பண்ணையில் குறிப்பிட்ட ஒரு பசுவின் வலப்பின் காம்பில் கோப்பை பொருந்துவதே இல்லை என்று புகார் வந்தது. கையின் இயக்கத்தை அளந்து பார்த்தேன்; ஒரு குறையும் இல்லை. கேமராவை மாற்றினேன், பயனில்லை. மூன்றாம் முறை போனபோது, கருவிப்பெட்டியைத் திறக்காமல் ஓர் இரவு முழுவதும் கூண்டின் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். தீவன ஆசை மிகுந்த அந்தப் பசு ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. கூடுதலாகக் கறந்தால் கூடுதலாகப் பால் வரும் என்ற எண்ணத்தில் பண்ணைக்காரரும் அதற்கு அனுமதி தந்திருந்தார். ஐந்து மணி நேரத்தில் மடி பாதிகூட நிறையாததால் பின்காம்புகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு கேமராவுக்கு ஒரே காம்பாகத் தெரிந்தன. இடைவெளியை ஒன்பது மணி நேரமாக மாற்றச் சொன்னேன். மடி நிறைந்தது, காம்புகள் விலகின, கோப்பை பொருந்தியது. இயந்திரத்தின் துல்லியம் கூடியதற்கு நான் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. முதல் இரண்டு வருகைகளுக்கும் சேர்த்துப் பண்ணைக்காரர் கட்டிய கட்டணத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இடத்தைப் போலவே நேரமும் துல்லியத்தின் பகுதி என்பதை விற்பனைத் தாள்கள் சொல்வதில்லை. மடியில் உள்ள பாலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் காம்புக்கு மேலே உள்ள பால்தொட்டியில் தயாராக இருக்கும். மீதி நுண்ணிய சுரப்பிப் பைகளுக்குள் இருக்கிறது. காம்பைத் தொட்டுக் கழுவும்போது பசுவின் மூளையிலிருந்து, பாலை இறக்கும் ஆக்சிடோசின் என்ற இயக்குநீர் சுரந்து இரத்தத்தில் கலந்து மடியை அடைந்த பிறகே அது இறங்கும். நிறைந்த மடியில் இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நிறையாத மடியில் இரண்டு நிமிடம் வரை ஆகலாம். முன்கூட்டியே பொருத்தினால் வெறும் காம்பை உறிஞ்சுகிறோம்; நான்கு முறை தவறி ஐந்தாம் முறை பொருத்தினால் சுரப்பு வேகம் தணிந்துவிட்டிருக்கும். ஆகவே 'பொருத்தியாயிற்று' என்று கணினி பதிவுசெய்வதால் மட்டும் அது நல்ல கறவை ஆகிவிடாது. எத்தனையாவது முயற்சியில், கழுவிய எத்தனை விநாடியில் பொருத்தியது என்பதும் பதிவில் இருக்க வேண்டும். கடைசியில் எப்படியோ பொருந்திவிட்டதை வெற்றி என்று எண்ணும் ஒரு நிறுவனத்தின் சதவீதத்தையும், முதல் முயற்சியை மட்டுமே வெற்றியாக எண்ணும் இன்னொன்றின் சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பொருளற்ற வேலை.

மடிநோயைக் கண்டறிவதில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. கையால் கறப்பவர் முதல் பீச்சலைத் தரையிலோ கிண்ணத்திலோ விட்டுப் பார்ப்பார். திரிதிரியாக வந்தால் அந்தப் பாலைக் குடத்தில் சேர்க்கமாட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 853/2004 என்ற சுகாதார ஒழுங்குவிதியும் ஒவ்வொரு பசுவின் பாலையும் கறப்பவரோ அதற்கு இணையான முறையோ சோதிக்க வேண்டும் என்றே சொல்கிறது. ரோபோ இதைப் பாலின் மின்கடத்தும் தன்மையை வைத்துச் செய்கிறது. மடி அழன்றால் இரத்தத்திலிருந்து சோடியமும் குளோரைடும் பாலில் கூடுதலாகக் கசிவதால் மின்சாரம் எளிதாகப் பாயும். நான்கு காம்புகளில் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நின்றால் எச்சரிக்கை எழும். நல்ல முறைதான், ஆனால் கறவைகளுக்கு இடையிலான நேரம் மாறினாலே இந்த அளவும் மாறக்கூடியது. எனவே நிறம், பால் அளவு, சில கருவிகளில் உடற்செல் எண்ணிக்கை (மடி அழன்றால் பாலில் பெருகும் வெள்ளணு முதலிய செல்களின் கணக்கு) ஆகியவற்றையும் சேர்த்தே முடிவு செய்கிறார்கள்.

தானியங்கிக் கறவைக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 20966-இன் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு ஓர் இலக்கு வைத்தது: நோயுற்ற கறவைகளில் குறைந்தது 80 சதவீதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், நோயற்ற கறவைகளில் 99 சதவீதத்தை நோயற்றவை என்றே சொல்ல வேண்டும். இரண்டாவது எண் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நாளொன்றுக்கு 150 கறவைகளில் ஒரு சதவீதம் பொய் எச்சரிக்கை என்றால் மாதத்துக்கு நாற்பத்தைந்து. அந்த மாதத்தில் உண்மையாக நோய்கண்ட பசுக்கள் இரண்டுதான் என்றால், பண்ணைக்காரர் நாற்பத்தைந்து முறை வீணாக மடியைப் பிடித்துப் பார்த்த பின்பே அந்த இரண்டையும் அடைகிறார். 99 சதவீதம் 95 ஆகக் குறைந்தால் மாதத்துக்கு இருநூற்றிருபத்தைந்து பொய் எச்சரிக்கைகள் வரும். எந்த மனிதரும் இரண்டாம் வாரத்திலேயே அந்தப் பட்டியலைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார். 'புலி வருது' கதையின் சிறுவனைப் போல இயந்திரம் ஓயாமல் கூவிக்கொண்டிருக்க, உண்மையான புலி வரும் நாளில் கேட்க ஆளிருக்காது. எச்சரிக்கையின் எண்ணிக்கையைப் பெருக்கி நோயைக் கண்டுபிடிக்கும் திறனைக் காட்டிக்கொள்ளும் கருவியைவிட, அடுத்தடுத்த இரண்டு கறவைகளிலும் அதே காம்பு விலகி நின்றால் மட்டும் எச்சரிக்கும் கருவி நடைமுறையில் அதிகப் பசுக்களைக் காப்பாற்றுகிறது. எச்சரிக்கை வந்த காம்பின் பாலைத் தட்டில் பீச்சி, கலிபோர்னியா மடிநோய்ச் சோதனைத் திரவத்தைப் பாலின் அளவுக்குச் சமமாக விட்டுச் சுழற்றிப் பார்க்கச் சில விநாடிகளே ஆகும். அதற்கு ஆள்தான் வேண்டும்; ரோபோ வந்ததும் முதலில் குறைக்கப்படுவதும் ஆள்தான்.

அடையாளப் பிழைகளும் உண்டு. கழுத்துப் பட்டைகளைக் கழற்றி மாட்டும்போது இரண்டு பசுக்களுக்கு மாறிப்போன பண்ணை ஒன்றை அறிவேன். ஒன்றின் காம்புக் குறிப்பை வைத்துக்கொண்டு மற்றொன்றின் மடியில் கை அரைநாள் தேடியதைச் சிரித்துக்கொண்டு மறந்துவிடலாம். நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போடப்பட்ட பசுவின் பாலைத் தனியே பிரித்துவிடும்படி கொடுக்கப்பட்ட கட்டளையும் பட்டையோடு மாறிப்போகும் என்பதை நினைத்தால் சிரிப்பு வராது. அன்று அது சீம்பாலைப் பிரிக்கும் கட்டளையாக மட்டும் இருந்ததால் தப்பித்தோம்.

துல்லியத்தை உயர்த்த என்ன செய்யலாம் என்றால், ஆய்வகங்களில் நடப்பது ஒருபுறம் இருக்கட்டும். வண்ணத்தையும் ஆழத்தையும் ஒருசேரப் பதியும் கேமராக்களும், ஏராளமான மடிப் படங்களைக் காட்டிப் பயிற்றுவிக்கப்பட்ட மென்பொருள்களும் பழைய லேசரைக் காட்டிலும் ஒட்டிய காம்புகளை நன்றாகப் பிரித்தறியும். ஆனால் அவை எந்த மடிகளைப் பார்த்துக் கற்றனவோ அந்த மடிகளில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டும்; கறுப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன் இனப் பசுக்களின் மடிகளை மட்டும் பார்த்துக் கற்றது கருங்காம்பு எருமையிடம் தடுமாறினால் அதன் மேல் குற்றமில்லை. பண்ணையில் கிடைக்கும் பலன் பெரும்பாலும் எளிய காரியங்களிலிருந்தே வருகிறது. மடி உரோமத்தை ஒழுங்காகக் கத்தரிப்பது, கேமராக் கண்ணாடியை நாள்தோறும் துடைப்பது, கோப்பைகளின் ரப்பர் உள்ளுறைகளை ஏறத்தாழ 2,500 கறவைக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுவது, படுக்கையை உலர்வாக வைப்பது, நொண்டும் பசுவுக்குக் குளம்பைச் சீவுவது என்று எழுதினால் இதெல்லாம் ஒரு தொழில்நுட்பமா என்று தோன்றும். வாரம் ஒருமுறை, மந்தைச் சராசரியை விட்டுவிட்டு, எந்தப் பசுவின் எந்தக் காம்பு மீண்டும் மீண்டும் தவறுகிறது என்ற பட்டியலை மட்டும் எடுத்துப் பார்ப்பவருடைய பண்ணையில் எனக்கு வேலை குறைவாகவே இருந்தது.

ஒரு குறுக்குவழியையும் சொல்லியாக வேண்டும். ரோபோவுக்கு ஒத்துவராத மடியுள்ள பசுக்களைக் கழித்துவிட்டால் துல்லியச் சதவீதம் மறுமாதமே ஏறிவிடும். காம்பு அமைப்பைப் பார்த்துக் காளைகளைத் தேர்ந்தெடுப்பது நீண்டகால நோக்கில் நல்லதே. ஐரோப்பியக் காளைப் பட்டியல்களில் ரோபோவுக்கு ஏற்ற மகள்களைத் தரும் காளைகள் என்று தனியே குறித்தும் விற்கிறார்கள். ஆனால் நன்றாகப் பால் கொடுக்கும் பசுவை இறைச்சிக்கு அனுப்பி ஏற்றிய எண்ணை இயந்திரத்தின் திறமை என்று காட்டுவது நேர்மையன்று. கணக்கு திருந்தியிருக்கிறது, கை திருந்தவில்லை.

நம் நாட்டில் இரண்டு மூன்று மாடு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அறுபது பசுக்களைக் கறக்கும் ரோபோ தேவைப்படாது. ஆனால் பெரிய தனியார் பண்ணைகள் வாங்க முன்வரலாம், அதற்கு மானியம் கேட்கும் குரலும் எழலாம். இங்குள்ள ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினப் பசுக்களின் மடி அமைப்பு ஒன்றுபோல் இருப்பதில்லை. கன்றை விட்டு ஊட்டினால்தான் பால் இறக்கும் நாட்டு மாடுகளிடம், கழுவுவதைத் தூண்டலாகக் கொள்ளும் ரோபோவின் நேரக்கணக்கு செல்லாது. ஆகவே வெளிநாட்டு மந்தையில் எடுத்த சராசரியை நம்பி எவரும் பணம் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற பொது நிறுவனம் ஒன்று, மானியம் எதுவும் அறிவிக்கப்படுவதற்கு முன்னரே, நம் மாடுகளை வைத்து ஓர் ஈற்றுக்காலம் முழுவதும் சோதித்து, முதல் முயற்சியில் பொருந்தியவை எத்தனை, பின்காம்புகளில் விடுபட்டவை எத்தனை, எத்தனை பொய் எச்சரிக்கைகளுக்கு நடுவே எத்தனை மடிநோய்கள் பிடிபட்டன என்பதைப் பசுவாரியாக வெளியிட வேண்டும். அதுவரை, பசுவாரிப் பதிவேட்டைக் காட்டத் தயங்கும் விற்பனையாளர் எவராவது வந்தால், பின்காம்புகள் நெருங்கிய தலையீற்றுக் கிடேரி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, ஒட்டக் கறந்து காட்டும்படி கேட்கலாம்.

இங்ஙனம்,
கறவை இயந்திரப் பராமரிப்பாளர் ஒருவர்,
பெருந்துறை வட்டம்,
ஈரோடு மாவட்டம்